வீட்டுலேர்ந்து வேல, சம்பளம் கொறையல, ஆனா மனசுல ஏதோ கொறையுது... கே.எல்.க்கே திரும்பிப் போயிடலாமா?

சிப்புட்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல பேராக் பக்கம் சுங்கை சிப்புட், வேல கே.எல். (கோலாலம்பூர்) கம்பெனியில, இன்சூரன்ஸ் க்ளெய்ம் பாக்குற வேல, முழுக்க வீட்டுலேர்ந்துதான். 2020 மார்ச் 18 கொரோனாவுக்காக எம்.சி.ஓ.ன்னு ஊரடங்கு போட்டாங்கல்ல, அப்ப ஆபிஸ மூடுனாங்க, அப்புறம் மாநிலம் விட்டு மாநிலம் போக விட்டதும் நான் ரூம காலி பண்ணிட்டு லேப்டாப்ப தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். கம்பெனியும் ஆபிஸ் எடத்துல பாதிய விட்டுட்டாங்க, எங்க டீம திரும்ப கூப்பிடவே இல்ல.

வந்த புதுசுல ரொம்ப நல்லா இருந்துச்சு. ரூம் வாடக மிச்சம், எல்.ஆர்.டி. ரயில்ல நசுங்க வேணாம், அம்மா கையால பசியாறலாம், சாயந்தரம் அப்பாவோட மோட்டார்ல டவுனுக்குப் போயி தே தாரிக் குடிக்கலாம். ஊர்ல எல்லாரும் "உனக்கென்னமா, வீட்டுல உக்காந்தே கே.எல். சம்பளம்"னுதான் சொல்றாங்க, அது உண்மதான், நான் அத கொற சொல்ல வரல.

ஆனா இப்ப கொஞ்ச காலமா என்னமோ மாதிரி இருக்கு. காலைல லேப்டாப் தொறந்தா சாயந்தரம் வரைக்கும் டைப் பண்றதுதான், வாயத் தொறந்து யார்கிட்டயும் வேல விஷயம் பேசுறதே இல்ல. செஞ்சது நல்லாருக்கா இல்லையான்னு யாரும் சொல்றதில்ல, தப்பு வந்தா மட்டும் ஈமெயில் வரும். கொஞ்ச நேரம் மௌஸ தொடலன்னா என் பேரு பக்கத்துல இருக்குற பச்ச விளக்கு மஞ்சளாயிடும், ஒடனே லீடர் "இருக்கீங்களா?"ன்னு மெசேஜ் போடுவாரு, அதனால பாத்ரூம் போனாலும் போன கையிலயே எடுத்துட்டுப் போறேன். என் கூட படிச்சவங்க பாதி பேரு சிங்கப்பூர், ஜோகூர், மீதி கே.எல்., இங்க வயசானவங்களும் ஸ்கூல் பிள்ளைங்களும்தான் இருக்காங்க. அம்மா அப்பா உசுரா பாத்துக்கிறாங்க, ஆனா ஒரு க்ளெய்ம் ஏன் மூணு தடவ திரும்பி வந்துச்சுன்னு அவங்ககிட்ட எப்படி சொல்றது.

எனக்கு என்னதான் கொறையுது? கே.எல்.க்கே போயிடலாமா? இதே மாதிரி இருக்குறவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஈப்போ_எச்ஆர்_அக்கா:
தங்கச்சி, நீ எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். நான் எச்.ஆர்.ல ரொம்ப வருஷமா இருக்கேன், இந்தப் பேச்சு எங்கிட்ட நெறைய பேரு வந்து பேசியிருக்காங்க, ஆனா உன்ன மாதிரி பிரிச்சு சொன்னவங்க கம்மி. பாரு, நீ சொன்ன மூணு விஷயமும் மூணு தனித்தனி பசி. அமெரிக்காவுல ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன்னு ரெண்டு உளவியல் பேராசிரியர்ங்க பல வருஷமா சொல்லிட்டு வர்றது இதான்: மனுஷனுக்கு சோறு தண்ணி மாதிரியே மனசுக்கும் மூணு தேவ இருக்கு. என் வேலைய நான் முடிவு பண்ணி செய்றேங்கிற சுதந்திரம் ஒன்னு, எனக்கு இது நல்லா வருதுங்கிற தெறம ஒன்னு, என்ன சேந்தவங்கன்னு நாலு பேரு இருக்காங்கங்கிற ஒட்டு ஒன்னு. இதுல ஒன்னு நெறஞ்சா இன்னொன்னு தானா நெறஞ்சிடாது, அதான் முக்கியம். சம்பளம் எவ்வளவு வந்தாலும் இந்த மூணுல எதையும் அது நேரா ரொப்பாது.

வீட்டுலேர்ந்து வேல செய்றவங்களுக்கு சுதந்திரம் கூடும்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம். ஆனா உனக்கு அந்த மஞ்ச விளக்கு அதையும் புடுங்கிடுச்சு. ஆபிஸ்ல இருந்தா ஒரு மேனேஜர் நாள் முழுக்க உன் தோளுக்குப் பின்னாடியே நிக்க மாட்டாரு, வீட்டுல அந்த சாப்ட்வேர் நிக்குது. தெறமைக்கு யாராச்சும் "இத நல்லா பண்ணிட்ட"ன்னு சொல்லணும், பக்கத்து சீட்டுல ஒருத்தர் இருந்து "இந்த மாதிரி கேஸ்க்கு இப்படி போட்டுப் பாரு"ன்னு சொல்றதும் இதுல சேத்தி, அதுவும் உனக்கு இல்ல. ஒட்டு வீட்டுல கெடைக்குது, வேலையில கெடைக்கல. அப்பா அம்மா பாசம் ஒரு பக்கம், ஒரே வேலைய செய்ற நாலு பேரோட பேச்சு இன்னொரு பக்கம், ஒன்ன வச்சு இன்னொன்ன அடைக்க முடியாது. அதுக்காக நீ குத்த உணர்ச்சி பட வேண்டியதே இல்ல.

இன்னொன்னு, சீனாவுல சிட்ரிப்னு ஒரு பெரிய டிராவல் கம்பெனி, ஷாங்காய் கால் சென்டர்ல 2010 கடைசியில ஆரம்பிச்சு ஒம்போது மாசம் ஒரு சோதன பண்ணாங்க. வீட்டுலேர்ந்து வேல செய்ய விருப்பப்பட்டவங்கள பொறந்த தேதி ஒத்த எண்ணா ரெட்ட எண்ணான்னு பாத்து ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்த வாரத்துல நாலு நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஸ்டான்போர்டு பொருளாதார பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவர் கூட இருந்தவங்களும் கணக்கு பாத்தாங்க, வீட்டுல இருந்தவங்க வேல 13 விழுக்காடு கூடுச்சு, வேலைய விட்டுப் போறவங்க பாதியா கொறஞ்சாங்க. கம்பெனிக்கு லாபம்தான். ஆனா சோதன முடிஞ்சு "இனிமே உங்க இஷ்டம்"னு சொன்னப்ப கணிசமான பேரு ஆபிஸுக்கே வர்றேன்னு சொல்லிட்டாங்க, தனிமதான் பெரிய காரணம். அதுவும் கேட்டு வாங்கிட்டுப் போனவங்க. அதனால உனக்கு வந்துருக்குறது பலவீனம்னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காத.

ராத்திரி_ஷிப்ட்:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. நானும் வீட்டுலேர்ந்துதான், கோலகங்சார் பக்கம், ஐ.டி. சப்போர்ட். எங்கப்பாவுக்கு டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு நாள் நான்தான் ஏத்திட்டுப் போவேன், இந்த வேல இல்லன்னா நான் ஒன்னு வேலைய விட்டிருக்கணும் இல்ல அப்பாவ விட்டிருக்கணும். என் போஸ் ஒரு தடவ கூட "இருக்கியா"ன்னு கேட்டதில்ல, டிக்கெட் முடிஞ்சிருக்கான்னு பாப்பாரு, அவ்வளவுதான், நான் எத்தன மணிக்கு செஞ்சேன்னு அவருக்கு கவல இல்ல. எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு, கே.எல்.ல இருந்தப்பதான் ஜாம்ல உக்காந்து உக்காந்து யார பாத்தாலும் எரிச்சலா வரும்.

அதனால "வீட்டு வேல மனசுக்கு ஆவாது"ன்னு பொதுவா சொல்லாதீங்க. இந்தப் பொண்ணுக்கு பிரச்சன வீடு இல்ல, அந்த விளக்கு. விளக்க நம்புற லீடர் ஆபிஸ்ல இருந்தாலும் வேற எதையாச்சும் வச்சு எண்ணிட்டுத்தான் இருப்பாரு. தங்கச்சி, நீ கே.எல். போயி மாசம் ஏழு எட்டு நூறு வெள்ளிய ரூமுக்கு கொட்டிட்டு அதே லீடர்கிட்ட உக்காந்தா என்ன மாறப் போவுது, நல்லா யோசி.

மூணு_பிள்ளைங்க_அம்மா:
ரெண்டு பேரு சொல்றதும் சரி, ஆனா பொம்பளைங்களுக்கு இன்னொன்னு இருக்கு. வீட்டுல இருக்குறவ சும்மா இருக்குறவன்னுதான் ஊரு நெனைக்குது. மீட்டிங்ல இருக்கேன், கேஸ்காரன் வர்றான், மாமியாருக்கு மருந்து, பக்கத்து வீட்டு ஆண்ட்டி "நீ வீட்டுலதானமா இருக்க, இந்த பார்சல் வந்தா வாங்கி வச்சிரு"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க, சின்னவன் ஹெட்செட்ட புடிச்சு இழுக்குறான். வேல நேரமும் வீட்டு நேரமும் கலந்து போயி ராத்திரி பத்து மணிக்கு மிச்ச வேலைய செய்றேன். எங்க வீட்டுக்காரருக்கும் அதே வீட்டுலேர்ந்து வேலதான், ஆனா அவரு கதவ சாத்துனா யாரும் தட்ட மாட்டாங்க. இத நான் நேரா பேசுனதுக்கு அப்புறம்தான் வீட்டுல மாறுச்சு, காலைல ஒம்போதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் என் கதவும் சாத்திதான் இருக்கும்னு சொல்லிட்டேன், இப்ப மாமியாரே பிள்ளைங்கள அந்தப் பக்கம் விட மாட்டாங்க.

சுதந்திரம்னா ஆபிஸ்கிட்ட மட்டும் கேக்குற விஷயம் இல்ல தங்கச்சி, வீட்டுலயும் கேட்டு வாங்கணும். உங்க வீட்டுல எப்படின்னு தெரியல, ஆனா பொண்ணு வீட்டுலதான இருக்குன்னு எல்லா வேலையும் உன் தலையில வர ஆரம்பிச்சா இப்பவே பேசிடு, தள்ளிப் போடாத.

அப்புறம் ஒரு விஷயம், ராத்திரி தூக்கம் வரல, சாப்பாடு எறங்கல, எதுலயும் விருப்பம் இல்லன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போனா இங்க எழுதிட்டு மட்டும் இருக்காத, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல டாக்டர பாரு, இல்ல சுகாதார அமைச்சோட மனநல ஹீல் லைன் 15555க்கு போன் அடி. எங்க குடும்பத்துல ஒருத்தங்களுக்கு ரொம்ப ஒதவியா இருந்துச்சு.

சிப்புட்_பொண்ணு:
அக்கா, அண்ணே, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்க படிக்க அழுகையே வந்துடுச்சு. தூக்கம் சாப்பாடு எல்லாம் பரவால்ல அக்கா, அந்த அளவுக்கு இல்ல, ஆனா நம்பர எழுதி வச்சுக்கிட்டேன்.

அண்ணே சொன்ன விளக்கு விஷயம் சரிதான், ஆனா அது மட்டும் இல்லன்னு தோணுது. போன வருஷம் எங்க டீம்ல சீனியர் போஸ்ட் ஒன்னு வந்துச்சு, ஆபிஸுக்கு அப்பப்ப போயிட்டு வர்ற ஒருத்தருக்குத்தான் குடுத்தாங்க. அவரு நல்ல மனுஷன், அவருக்கு கெடைச்சதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா என் பேரு அந்தப் பேச்சுல வந்துச்சான்னு கூட எனக்குத் தெரியாது, யார்கிட்ட கேக்குறதுன்னும் தெரியல. நான் அங்க இருக்கேனா இல்லையான்னு எனக்கே ஒரு சந்தேகம் வருது, அதான் உண்மையான வலி.

ஈப்போ_எச்ஆர்_அக்கா:
இது உன் கற்பன இல்லமா. நான் மேல சொன்ன அதே சிட்ரிப் சோதனையில இதுவும் வந்துச்சு, ஒரே அளவு நல்லா வேல செஞ்சவங்கள எடுத்துப் பாத்தா வீட்டுல இருந்தவங்களுக்கு பதவி உயர்வு கம்மியாத்தான் கெடைச்சிருக்கு. கண்ணுல படாதவங்க நெனப்புலயும் வர்றதில்ல. மைக்ரோசாப்ட் அவங்க அமெரிக்க ஊழியருங்க 61,000 பேருக்கு மேல உள்ள ஈமெயில், மீட்டிங், மெசேஜ் கணக்க வச்சு 2020 முதல் பாதிய ஆராஞ்சாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போனதும் அவங்கவங்க சின்ன கூட்டத்துக்குள்ளயே பேச்சு இறுகிப் போச்சு, வேற டீம் ஆளுங்களோட இருந்த தொடர்பு கொறஞ்சிடுச்சு. பதவி, புது வேல, புது வித்தை எல்லாம் பெரும்பாலும் அந்த வெளி ஆளுங்க வழியாத்தான் வரும், அதான் கவல.

பழைய_கிராணி:
மகளே, நான் இந்த மாதிரி எடத்துல எழுதுறது கம்மி, பேரன்தான் டைப் பண்ணக் கத்துக் குடுத்தான். நான் ரப்பர் தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்கெழுதுறவனா இருந்து ஓய்வு எடுத்தவன். நீங்க எல்லாரும் கம்ப்யூட்டர் வேலைய பத்தி பேசுறீங்க, எனக்கு பால்மரம்தான் தெரியும், ஆனா படிச்சுப் பாத்தா விஷயம் ஒன்னுதான்னு படுது.

பால் வெட்டுறவங்க வேல தனி வேல. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டுனாத்தான் மரத்துல பால் அழுத்தம் நல்லா இருக்கும், அதனால இருட்டுலயே தலையில லைட்ட கட்டிட்டு அவங்கவங்க நெறையில போயிடுவாங்க, காட்டுக்குள்ள மணிக்கணக்கா ஒத்த ஆளு பக்கத்துல இருக்க மாட்டாங்க, கொசுவும் மரமும்தான். உன்ன விட தனிம அது. ஆனா தனிமையா இருக்குன்னு எங்கிட்ட வந்து யாரும் சொன்னதில்ல, சம்பளம் பத்தல, மழைல வேல இல்ல, மேல நின்னு வேல வாங்குற தண்டல் ஏசிட்டான், இதுதான் சொல்லுவாங்க. ஏன்னு நான் பின்னாடி நெறைய யோசிச்சிருக்கேன். காலைல பெரட்டு இருந்துச்சு. எல்லாரும் ஒரு எடத்துல நின்னு பேரு கூப்பிட்டு, யாரு வரல, ஏன் வரல, ஒடம்பு சரியில்லையா, புள்ளைக்கு காச்சலா, எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும். மத்தியானம் பால் ஸ்டோர்ல திரும்ப எல்லாரும் கூடுவாங்க, வாளிய எறக்கி வச்சு நிறுத்து, மெட்ரோலாக்குன்னு ஒரு அளவுக் கருவிய போட்டு பால் கெட்டியா இருக்கான்னு பாத்து, நான் புத்தகத்துல எழுதுவேன். அன்னிக்கி தன் கை எவ்வளவு செஞ்சுதுன்னு அவங்களுக்கு அங்கயே தெரியும், பக்கத்துல நிக்கிற நாலு பேருக்கும் தெரியும். நல்லா வெட்டுறவங்களுக்கு ஒரு மரியாத இருந்துச்சு, மரத்துல காயம் படாம பட்டைய மெல்லிசா சீவுற கைய புதுசா வந்த பிள்ளைங்க நின்னு பாத்து கத்துக்கும்.

தோட்டத்து வாழ்க்கைய நான் ஒசத்தி சொல்ல வரல. லயத்து வீட்டுல பட்ட கஷ்டமும் கொறைஞ்ச கூலியும் எனக்கு நல்லாவே தெரியும், சுதந்திரம்னு நீங்க சொல்றது அங்க சுத்தமா கெடையாது, தண்டல் கண்ணு எப்பவும் மேலேயே இருக்கும். நான் சொல்ல வர்றது இதான், ஆளு எட்டு மணி நேரமும் கூட்டத்துலயே இருக்கணும்னு இல்ல, காலைல ஒரு தரம் பாக்கணும், முடிச்சிட்டு ஒரு தரம் நிறுத்துக் காட்டணும். உனக்கு அந்த ரெண்டும் இல்ல மகளே. தோட்டம் துண்டாடி வித்தப்ப எங்க ஆளுங்க தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கும் பேக்டரி வேலைக்கும் போனாங்க, கல்லு வீடு, தண்ணி, கரண்டு எல்லாம் வந்துச்சு, ஆனா ரொம்ப பேரு ஒடஞ்சு போனத நான் கண்ணால பாத்தேன், ஏன்னா பெரட்டும் கோயிலும் ஒரே நாள்ல போயிடுச்சு. அதனால ஒனக்கு இருக்குறத நான் சின்ன விஷயமா நெனைக்கல.

ராத்திரி_ஷிப்ட்:
ஐயா, இத படிச்சதும்தான் எனக்கு ஒன்னு புரியுது. எங்க டீம்ல தெனம் சாயந்தரம் ஷிப்ட் மாறுறப்ப பத்து நிமிஷம் கால் இருக்கு, வேலைய ஒப்படைக்கிறதுதான் காரணம், ஆனா அதுல பாதி நேரம் அப்பா எப்படி இருக்காரு, புள்ளைக்கு பரீட்சை எப்படி, இதுதான் பேச்சு. நான் நல்லா இருக்கேன்னு மேல எழுதுனதுக்கு போஸ் மட்டும் காரணம் இல்ல போல, அந்தப் பத்து நிமிஷமும்தான். தங்கச்சி, அப்படி ஒன்னு உங்க டீம்ல கேட்டுப் பாரேன். கேமரா கட்டாயம்னு இல்லாம, வெறும் குரல் போதும்.

ஈப்போ_எச்ஆர்_அக்கா:
கேமரா விஷயத்துல தம்பி சொல்றது ரொம்ப சரி. ஸ்டான்போர்டு ஜெரமி பெய்லன்சன் 2021ல ஜூம் களைப்ப பத்தி எழுதுனதுல நாலு காரணம் சொல்றாரு, எல்லார் மொகமும் கிட்டக்க வந்து நம்மையே உத்துப் பாக்குற மாதிரி இருக்குறது, நம்ம மொகத்த நாமளே மணிக்கணக்கா பாத்துட்டு இருக்குறது, ஆடாம அசையாம கட்டத்துக்குள்ள உக்காந்துருக்குறது, சைகை சரியா தெரியாததால மூள கூடுதலா ஒழைக்கிறது. கேமரா போட்டே ஆவணும்னா உன் மொகத்த உனக்கு காட்டாம மறைக்கிற பட்டன் இருக்கு, இன்னிக்கே அமுக்கிடு.

சரி, கே.எல். போறதா வேணாமான்னு கேட்ட. நான் நெனைக்கிறது, முழுசா போவாத, முழுசா இங்கயே இருக்கவும் வேணாம். சிட்ரிப் பேர மாத்தி ட்ரிப்.காம்னு ஆனதுக்கப்புறம் அதே ப்ளூம் குழு 1,600 பேருக்கு மேல வச்சு இன்னொரு சோதன பண்ணாங்க, 2024ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு, வாரத்துல ரெண்டு நாள் வீடு, மீதி ஆபிஸ். வேலைய விட்டுப் போறது மூணுல ஒரு பங்கு கொறஞ்சுது, பதவி உயர்வுல எந்த அடியும் இல்ல. உனக்கு சுங்கை சிப்புட்லேர்ந்து வாரா வாரம் மூணு நாள் கே.எல். போறது நடக்காது, அதனால கணக்க நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும். உங்க கம்பெனிக்கு ஈப்போவுல கிளை இருக்கா? இருந்தா வாரத்துல ரெண்டு நாள் அங்க உக்காந்து வேல செய்றேன்னு கேளு, அரை மணி நேர ஓட்டம்தான். கிளை இல்லன்னா மாசத்துல ஒரு தடவ தொடர்ந்து ரெண்டு மூணு நாள் கே.எல்., டீம் எல்லாரும் வர்ற நாளா பாத்து. யாரும் இல்லாத நாள்ல போயி காலி மேசைல உக்காந்தா வீட்டுல இருக்குறதும் அதுவும் ஒன்னுதான்.

கேக்குறதுக்கு சட்டமே வழி குடுத்துருக்கு. 2023 ஜனவரி 1லேர்ந்து நடப்புல இருக்குற வேலைச் சட்டத் திருத்தத்துல 60P, 60Qன்னு ரெண்டு பிரிவு, வேல நேரம், வேல நாள், வேல எடம் இதுல மாத்தம் வேணும்னு தொழிலாளி எழுத்துல விண்ணப்பம் போடலாம். மொதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். குடுத்தே ஆவணும்னு சட்டம் சொல்லல, அதையும் தெரிஞ்சுக்கோ, ஆனா வாய்ல கேட்டு காத்துல போறதுக்கும் இதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. வீட்டுலேர்ந்து வேல வேணும்னு கேக்கத்தான் இதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, எடத்த மாத்தணும்னு எந்தப் பக்கமும் கேக்கலாம்.

சிப்புட்_பொண்ணு:
ஈப்போவுல கிளை இருக்கு அக்கா! சின்ன எடம், மேல் மாடியில, சேல்ஸ் ஆளுங்கதான் இருப்பாங்க, எங்க டீம் ஆளு யாரும் இல்ல. அது பரவால்லையா?

ஈப்போ_எச்ஆர்_அக்கா:
பரவால்லமா, நல்லதுதான். மைக்ரோசாப்ட் கணக்குல கொறைஞ்சுதுன்னு சொன்னேனே, வேற டீம் ஆளுங்க தொடர்பு, அது உனக்கு அங்க கெடைக்கும். க்ளெய்ம் ஏன் திரும்புதுன்னு சேல்ஸ் ஆளுங்களுக்கும் தெரியணும், உனக்கும் அவங்க கஸ்டமர்கிட்ட என்ன சொல்லி விக்கிறாங்கன்னு தெரியும். விண்ணப்பத்துல இதையே காரணமா எழுது, மனசு சரியில்லன்னு மட்டும் எழுதாத, அது உண்மையா இருந்தாலும் அவங்களுக்கு என்ன லாபம்னும் தெரியணும்ல.

லீடர்கிட்ட தனியா ரெண்டு கேளு. வாரத்துல ஒரு நாள் பதினஞ்சு நிமிஷம், நான் முடிச்ச க்ளெய்ம்ல ரெண்டு மூணு எடுத்து எது நல்லா வந்துச்சு எது சரியில்லன்னு சொல்லுங்கன்னு ஒன்னு. விளக்க பாக்காம நாளைக்கு எத்தன க்ளெய்ம் முடியணும்னு பேசி வச்சுக்கலாமான்னு இன்னொன்னு. ரெண்டாவது கஷ்டம், ஒடனே ஒத்துக்க மாட்டாரு, மொதல்ல ஒரு மாசம் பாக்கலாம்னு சொல்லிப் பாரு.

பழைய_கிராணி:
அந்தப் பதினஞ்சு நிமிஷத்த விட்டுடாத மகளே. நல்லா வெட்டுறவனுக்கு நல்லா வெட்டுறன்னு சொல்லாத தண்டலுங்ககிட்டேர்ந்துதான் ஆளுங்க வேற தோட்டத்துக்கு ஓடுவாங்க, நான் புத்தகத்துல போனவங்க பேர அடிச்சு அடிச்சு எழுதுனவன்.

சிப்புட்_பொண்ணு:
சரிங்க ஐயா. அக்கா, இன்னிக்கி ராத்திரியே விண்ணப்பத்த எழுத ஆரம்பிக்கிறேன், செவ்வாயும் வியாழனும் ஈப்போன்னு போடப் போறேன். மலாய்ல எழுதணுமா இங்கிலீஷா?

ஈப்போ_எச்ஆர்_அக்கா:
உங்க கம்பெனி எச்.ஆர். எந்த மொழியில ஈமெயில் அனுப்புறாங்களோ அதுலயே எழுது. தேதி போட்டு அனுப்பு, ஒரு காப்பிய உன் சொந்த ஈமெயிலுக்கும் அனுப்பி வச்சுக்கோ, 60 நாள் அந்தத் தேதியிலேர்ந்துதான். அனுப்புறதுக்கு முன்னாடி கம்பெனி பேர எடுத்துட்டு இங்க போடு, நான் படிச்சுப் பாத்து சொல்றேன்.